மாசி மகத்துக்குப் போட்ட பேர் வரிசை

கம்ப்யூட்டர்ல தகவலை அடுக்கி வச்சிருக்கிற எக்ஸ்எம்எல் ஃபைலை, ஸ்டைல்ஷீட்னு ஒரு புரோகிராம் எழுதி வேற உருவத்துக்கு மாத்துறது என் வேலை. மணலி புதுநகர்ல ஒத்தை ரூம்ல தனியா உக்காந்துகினு செய்றேன். சில நாள் டீக்கடையில "சக்கரை கம்மி"ன்னு சொல்றதுதான் நான் வாயைத் தொறந்து பேசுற ஒரே பேச்சு. அம்மா போனதுலேர்ந்து இப்படித்தான். கூடப் பொறந்தவங்களும் கெடையாது.

எங்க குப்பத்துல மாசி மகத்தன்னிக்கு, செத்துப்போனவங்க பேரை மைக்ல கூப்பிடுவாங்க. கூப்பிட்டதும் அந்த வூட்டு ஆளுங்க அலையில எறங்கி பால் ஊத்துவாங்க. குப்பத்து ஆளுங்க வெவரம் பூரா நான் ஏத்தி வச்ச ஒரே ஃபைல்ல கீது. இந்த வருஷம் குப்பத்துத் தலைவர் மாமா, கடல்ல போனவங்களையும் எங்க தெருக்காரங்கள்ல செத்தவங்களையும் எடுக்கச் சொன்னாரு. "ரெண்டையும் சேர்த்துடு கண்ணு. ஒரே ஆளு ரெண்டு தபா வரக்கூடாது."

அது இன்னா பெரிய வேலை? ரெண்டு தேடலுக்கும் நடுவுல ஒரு நெட்டுக்கோடு போட்டா முடிஞ்சுது, ரெண்டையும் ஒரே பட்டியலா சேர்த்துடும். எங்க அப்பா எங்க தெருதான், போனது கடல்ல. ரெண்டு பக்கமும் மாட்டினாலும் பதிவு ஒண்ணுங்கிறதால ஒரு தபாதான் வருவாரு. ஆனா அது பேரைப் பாக்காது, பதிவைத்தான் பாக்கும். எங்க ஆளுங்க மூத்த புள்ளைக்குக் குலசாமி பேரைத்தான் வைப்பாங்க. அதனால அப்பா பேர்லயே, அதே இனிஷியலோட, தெருக்கோடி வூட்ல இன்னொருத்தரும் இருந்து செத்தாரு. ரெண்டு பேரும் தனித்தனியா சரியா வந்திருந்தாங்க. பாத்துட்டுத்தான் அனுப்பினேன்.

கரையில மாமா அந்தப் பேரைக் கூப்பிட்டாரு. கோடி வூட்டுக்காரங்க மவன், மருமவ, பேரப்புள்ளைங்கன்னு கும்பலா எறங்குனாங்க. அம்மாவுக்கு முன்னாடியே ஊத்தியாச்சு. வரிசையில அடுத்தது அப்பாதான்னு நான் செம்பைத் தூக்கிகினு நின்னேன். வேற பேரைக் கூப்பிட்டாரு.

எனக்கு வந்துச்சு பாரு கோவம்! சனத்தைத் தள்ளிகினு போனேன்.

"இன்னா மாமா, எங்க அப்பா எங்க?"

"ஒரே பேரு ரெண்டு தபா இருந்துச்சு கண்ணு. கம்ப்யூட்டர் தப்புன்னு நான்தான் ஒண்ணைக் கோடு போட்டு அடிச்சேன்."

"மெஷினுக்கே ரெண்டு ஆளுன்னு தெரிஞ்சுது. கூட வலை இழுத்த உனக்குத் தெரியலியா?" "நானும் கேக்கலைன்னா அந்த மனுஷன் பொறக்கவே இல்லன்னு ஆயிடும் மாமா."

 அவரு மைக்கைப் புடிச்சி அப்பா பேரைக் கூப்பிட்டாரு. நான் எறங்கினேன். பாலை ஊத்தினேன். பக்கத்துல ஒரு ஆளு நின்னா நல்லா இருந்திருக்கும்னு மனசு கெடந்து அடிச்சிகிச்சு.

எல்லா வூட்டையும் கேக்குற மாதிரியே மாமா மைக்ல கேட்டாரு, "இந்த வூட்டு ஆளுங்க எல்லாரும் ஊத்திட்டீங்களா?"

"எல்லாரும் ஊத்திட்டோம் மாமா"ன்னு கத்தினேன்.