பனித்தரையில் எலுமிச்சம்பழம்

எங்கள் குடும்பத்தைக் கவிழ்த்தது நாலு எலுமிச்சம்பழம். வைத்தவள் நான். அப்போது மூன்றாம் வகுப்பு.

அப்பாவுக்கு அபுதாபியில் ஓர் ஐஸ் மைதானத்தில் வேலை. வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே அவர் குல்லாவும் கையுறையுமாக வண்டி ஓட்டுவார். பனித்தரையைச் சுரண்டி, அதன்மேல் வெந்நீர் விட்டுக்கொண்டே போகும் வண்டி. அந்த நீர் உறைந்து தரை கண்ணாடிபோல் ஆகிவிடும். அங்கே முசஃபா தொழிற்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் எட்டு வருஷம் கிரீஸ் அழுக்கில் கிடந்தவருக்குக் கிடைத்த நல்ல வேலை. அது கிடைத்த பிறகுதான் எங்களுக்கு விசா எடுத்தார்.

பல்கலைக்கழக மாணவர்களின் தேசிய ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டத்துக்கென்று புது வண்டி வந்தது.

"சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காம எடுக்காதீக" என்றாள் அம்மா.

"ஐஸுல போயி பழத்த வைப்பாகளா? பேசாம இரு" என்று அப்பா சிரித்தார்.

அம்மா விடுகிற ஆளா? ஆட்டம் பார்க்க அப்பாவோடு நான் கிளம்பியபோது, என் பைக்குள் பழமும் குங்குமமும் போட்டு, "அப்பா பாக்காம வச்சிரு" என்று காதோடு சொன்னாள்.

அப்பா கையுறை எடுக்கப் போன நேரம் பார்த்து வேலையை முடித்தேன். நாலு சக்கரத்துக்கு நாலு பழம், முகப்பில் ஒரு பொட்டு. யாரோ "யல்லா" என்று அவசரப்படுத்திக் குரல் கொடுக்க, அப்பா ஓடிவந்து வண்டியின் பின்பக்கம் இருக்கும் டிரைவர் சீட்டில் ஏறி வண்டியை எடுத்தார். எதையும் பார்க்கவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கோல் அருகே வேகமாக வந்த மாணவன் ஒருவன் இடறிப்போய்த் தடுப்புப் பலகையில் மோதினான். எழவில்லை. பனியில் வழுக்காமலிருக்க அந்த வண்டியின் டயர்களில் ஆணி பதித்திருப்பார்கள். அதில் குத்திக்கொண்டு போன பழத்தோல் தரையில் விழுந்து தண்ணீரோடு உறைந்திருந்தது. அவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள்.

மேனேஜர் தோலைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு, அப்பாவும் நானும் நின்ற வண்டியருகே வந்தார். பொட்டைப் பார்த்தார். யார் செய்தது என்று இந்தியில் கேட்டார்.

அப்பா என் கையைப் பார்த்தார். விரலெல்லாம் குங்குமம். அதைத் தம் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, "மைனே, சார்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் செய்த பூஜையைத் தாம் செய்ததாகச் சொல்கிறாரே. விரலை எல்லாரும் பார்க்கட்டும் என்று கையை உருவினேன். வலிக்கும்படி இறுக்கினார்.

விசா ரத்தானது. விமானத்தில் ஜன்னல் சீட்டுக்கு அழுது வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பாவுக்கு அதன்பிறகு எந்த நாட்டுக்கும் வழி கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைக்கிறார், இன்றைக்கும். அந்த மாணவன் மறுபடி விளையாடினானா, தெரியாது. அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசி என்ன ஆகப்போகிறது.

ஆட்டம் நடந்த அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பா கைக்குட்டையை நனைத்து என் விரல்களைத் துடைத்துக்கொண்டே வந்தார். குங்குமம் போன பிறகும் நிறுத்தவில்லை. என் பூஜையைப் பறித்துக்கொண்டதற்குச் சமாதானம் செய்கிறார் என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.