கேட்டு வந்த கழகமும் கேளாமல் சொன்ன பதிலும்

அண்ணா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகின்றது. இந்த நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டுமென்று அண்ணி கேட்டபோது, "மச்சாள், நாலு நல்ல வார்த்தை எழுதுங்கோ, போதும்" என்றார். நல்ல வார்த்தைகளுக்கு அண்ணாவின் வாழ்க்கையில் குறைவில்லை. ஆனால் உறவினர் ஒருவர், "அவர் எல்லாரையும் மன்னிச்ச மனுசன், அதையும் மறக்காமல் எழுதுங்கோ" என்று சொன்னார். அதை மட்டும் எழுத மாட்டேன். அது உண்மையில்லை.

அண்ணா சாவகச்சேரியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருக்கு அடுத்தவள். எழுபதுகளின் தொடக்கத்தில், பொறியியலாளரான அப்பாவுக்கு மெல்பேணில் வேலை கிடைத்து நாங்கள் நோபல் பார்க்கில் குடியேறினோம். எங்கள் தெருவில் வேறு தமிழ்க் குடும்பம் கிடையாது. அம்மா மிளகாய்த்தூள் வறுத்தால் பக்கத்து வீட்டார் யன்னலைச் சாத்துவார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் பெயரைச் சரியாகச் சொல்ல ஒருவருக்கும் பொறுமையில்லை. அண்ணாவின் பெயரை முதன்முதலில் சரியாகக் கூப்பிட்டவர்கள் பந்து விளையாடிய பெடியன்கள்தான்.

இந்த ஊர்க் கால்பந்து எங்கள் ஊரில் விளையாடியது அல்ல. பந்து நீளுருண்டையாக இருக்கும், கையாலும் பிடிக்கலாம், அடுத்தவன் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பியும் பிடிக்கலாம். நெடுநெடுவென்று வளர்ந்திருந்த அண்ணாவுக்கு அந்த எழும்பல் இயல்பாக வந்தது. கொஞ்சக் காலத்திலேயே எங்கள் பகுதி இளைஞர் அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் மேலே எழும்பும்போது வேலியோரம் நின்றவர்கள் எழுப்பிய சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. அம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிடுவார்.

அந்த அணிக்கு ஒரு பயிற்சியாளர் இருந்தார். பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? அப்பா அவரை முதன்முதல் சந்தித்தபோது, எங்கள் ஆட்கள் வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைக்கிற மாதிரியே ஒப்படைத்தார். "இவனை உங்கள் பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதுதான் முடிவு" என்று தன் கவனமான ஆங்கிலத்தில் சொன்னார். பயிற்சியாளர் அதை எப்படி விளங்கிக்கொண்டார் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு அது மரியாதை. அவருக்கு அது கையில் கொடுத்த சாவி.

அக்கால நடைமுறையொன்றை இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மெல்பேணின் பெரிய கழகங்கள் விரும்பிய பிள்ளையை விரும்பிய இடத்தில் போய் எடுக்க முடியாது. நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு வலயம் கொடுத்திருந்தார்கள். நீங்கள் குடியிருக்கும் தெரு எந்தக் கழகத்தின் வலயமோ, அந்தக் கழகம் மட்டுமே உங்களை எடுக்கலாம். அது வேண்டாமென்றால் வேறு கதவு இல்லை. அந்தக் கழகமும் உங்களை எங்கே தேடும்? உள்ளூர்ப் பயிற்சியாளரைத்தான் கேட்கும். ஆக, ஒரு பிள்ளையின் தலையெழுத்து அவன் வீட்டு விலாசத்திலும் ஒரு மனிதரின் வாயிலும் இருந்தது.

அண்ணா பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படித்த வருடம், எங்கள் வலயத்துக் கழகத்திலிருந்து ஒருவர் நேரே வீட்டுக்கு வந்தார். செந்நிற முகம், பெரிய கைகள், கழுத்துப்பட்டி அணிந்திருந்தார். அம்மா பற்றீஸ் பொரித்தார். தேநீர் கொடுத்தோம். அவர் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "கோடையில் பயிற்சிக்கு உங்கள் மகனை அழைக்க விரும்புகிறோம், உங்களுக்குச் சம்மதமா?" என்று அப்பாவைக் கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருக்க வேண்டியது. அப்பாவுக்கு ஆசையும் இருந்தது, அன்று காலையிலிருந்தே புதுச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தவர் அவர். ஆனால் பயிற்சியாளரைத் தாண்டி முடிவு சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்தார். "அதை அவனுடைய பயிற்சியாளரிடம் கேளுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் எங்கள் பதிலும்" என்றார். வந்தவர் அப்பாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு கைகொடுத்துவிட்டுப் போனார்.

அதே காலத்தில் ரயில்பாதைக்கு அந்தப் பக்கத்து வலயத்தின் கழகமும் அண்ணாவைப் பார்த்திருந்தது. அவர்களுடைய ஆள் ஒருவர் மைதான வேலியோரம் வைத்து அப்பாவிடம், "நீங்கள் பாதைக்கு இந்தப் பக்கம் வீடு மாறினால் நாங்கள் இன்றைக்கே எடுப்போம்" என்று சொன்னார். அப்பா உண்மையாகவே வீடு பார்க்கத் தொடங்கினார். ஒரு வீடு பிடித்தும் இருந்தது. அம்மா குசினியைக்கூடப் பார்த்துவிட்டு வந்தார். அதையும் பயிற்சியாளரிடம்தான் போய்க் கேட்டார் அப்பா. "எதற்கு வீடு மாறுகிறீர்கள்? எங்கள் கழகம் உறுதி. நான் பேசிக்கொண்டிருக்கிறேன். தொலைபேசி வரும்" என்று அவர் முதுகில் தட்டி அனுப்பினார். வீடு மாறும் பேச்சு அதோடு நின்றது.

தொலைபேசி வரவில்லை. அந்தக் கோடை முழுவதும் அண்ணா தாழ்வாரத்தில் அந்தக் கறுப்புத் தொலைபேசியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடற்கரைக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார். "நீங்கள் போட்டு வாங்கோ, ஆரும் எடுத்தால் ஒரு ஆள் நிக்கோணும்" என்பார். கடைசியில் பயிற்சியாளரிடமே போய்க் கேட்டார். "அவர்கள் இன்னொரு முறை யோசித்தார்களாம். உனக்கு உடம்பு பலம் போதாதாம். மனதைத் தளரவிடாதே, இன்னுமொரு வருடம் என்னோடு விளையாடு" என்று பதில் வந்தது.

அண்ணா விளையாடினார். தன் உடம்பில்தான் குறை என்று நம்பி, விடியற்காலையில் எழும்பி மணல்மூட்டை தூக்கினார். அந்த வருடம் எங்கள் அணி வெற்றிக்கிண்ணம் வென்றது. இறுதி ஆட்டத்தில் அண்ணாவின் முழங்கால் திரும்பிவிட்டது. அவர் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தபோதுதான், பயிற்சியாளர் அந்த வெற்றியைக் காட்டி வேறோர் ஊரில் பெரிய அணியொன்றுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழங்கால் பழையபடி வரவும் இல்லை.

அண்ணா எக்ஸ்ரே எடுக்கும் தொழிலைப் படித்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். எழுபதுகள் முடிவதற்கு முன், ஒருநாள் மணிக்கட்டு வீங்கிய ஒருவர் அவரிடம் வந்தார். அந்தச் செந்நிற முகத்தை அண்ணா உடனே கண்டுகொண்டார். அவரும் கண்டுகொண்டார். "அட, தகப்பன் விடமாட்டேன் என்று சொன்ன பையன் அல்லவா நீ!" என்றாராம்.

அண்ணாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விளக்கினார். பயிற்சியாளரைக் கேட்டபோது, 'தகப்பனுக்கு விருப்பமில்லை, பிள்ளை படிக்கவேண்டும் என்கிறார். அந்த ஆட்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள், அதனால்தான் உங்களுக்குத் தேநீர் கொடுத்து என்னிடம் அனுப்பினார்' என்று பதில் கிடைத்ததாம். அப்பா மழுப்பியதைத் தானும் கண்ணால் பார்த்திருந்ததால் அவர் அதை நம்பிவிட்டார். "நீ நல்ல ஆட்டக்காரன். எங்களுக்குப் பெரிய கவலை" என்று வேறு சொன்னாராம்.

அன்று அண்ணா வேலை உடுப்போடு வந்து வாசலில் நின்றார்.

"அப்பா, நீங்கள் என்னை விடமாட்டன் எண்டு சொன்னனீங்களோ?"

"நானோ? நான் ஏன் தம்பி அப்பிடிச் சொல்லுறன்? எல்லாம் கோச்சிட்டைத்தானே விட்டனான்."

சொல்லி முடித்ததும் அப்பாவின் முகம் மாறியது. அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பயிற்சியாளரின் வீட்டைத் தேடிப் போனோம். அப்பா கோட் போட்டிருந்தார். நானும் அண்ணாவும் காரில் இருந்தோம், கண்ணாடியை இறக்கியிருந்தேன். புல் வெட்டிக்கொண்டிருந்த மனிதர் இயந்திரத்தை நிறுத்தினார். மறுக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. "நீங்கள்தானே உங்கள் பிள்ளையாக நினைக்கச் சொன்னீர்கள்? என் பிள்ளையாக இருந்தாலும் இன்னொரு வருடம் என்னோடுதான் வைத்திருப்பேன். அவன் இல்லாமல் அந்தக் கிண்ணம் எங்கே?" என்று சிரித்தார்.

அப்பா, இந்த நாட்டில் எல்லாரிடமும் சொல்லிப் பழகியபடியே, "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினார்.

"ஏனப்பா அவருக்கு தேங்க்யூ சொன்னனீங்கள்?" என்று கேட்டார் அண்ணா.

"வாயில வந்திட்டுது தம்பி" என்றார் அப்பா.

அப்பா அதற்குப் பிறகு இறக்கும்வரை எந்த ஆட்டத்தையும் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. அண்ணா பார்ப்பார், சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பார். அவர் அண்ணியைக் கைப்பிடித்தார், ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள், கிரான்பர்னில் வீடு கட்டினார். புதிதாக வந்த எத்தனையோ குடும்பங்களை விமான நிலையத்திலிருந்து தன் காரில் ஏற்றிவந்தவர் அவர். ஆஸ்பத்திரியில் பயந்து நடுங்கும் கிழவிகளோடு தமிழில் பகிடி விட்டுப் படம் எடுப்பார். அவர் கோபித்துப் பேசி நான் கண்டதில்லை. அதைத்தான் மன்னிப்பு என்று உறவினர் நினைத்துவிட்டார்கள். நோய் முற்றிய நாட்களில் ஒருமுறை நான் கேட்டேன்.

"அண்ணா, அந்த மனுசனை மறந்திட்டீங்களோ?"

"மறக்கேல்லை, தங்கச்சி. பேசாமல் இருந்தனான். பேசினால் அப்பாவுக்கு நோகும்."

அப்பா போய் எத்தனையோ காலமாகியிருந்தது. அப்போதும் அண்ணா பேசாமலே இருந்தார், தன் பிள்ளைகளிடம்கூட. மேலும் சில வாரங்களில், அண்ணியின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடினார்.

இறுதிக் கிரியைக்கு வந்தவர்களில் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு முதியவரும் இருந்தார். நான் அடையாளம் காணவில்லை. அண்ணாவின் மகளிடம் அவர் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அவள் என்னிடம் வந்தாள், அழுத முகத்தில் கோபம் இருந்தது.

"மாமி, அந்த அங்கிள் அப்பாவின்ட கோச்சாம். அப்பா பெரிய பிளேயராய் வந்திருப்பாராம். அப்பப்பாதான் விடேல்லையாம். ட்ரூவா?"

பெட்டிக்குப் பக்கத்தில், அத்தனை பேர் முன்னிலையில், நேரே போய் அவரைக் கேட்டேன். "என் தகப்பன் எப்போது இல்லை என்று சொன்னார்? இந்தப் பிள்ளைக்கு முன்னால் சொல்லுங்கள்." அவர் கலங்கிய கண்களால் என்னைப் பார்த்தார். "அப்படித்தானே நடந்தது, கண்ணே?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சொன்ன பொய்யை அவரே நம்பத் தொடங்கிப் பல காலம் ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இடம் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அண்ணாவைக் கடைசிவரை பராமரித்த தாதிமாருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறும் கறியும் கொண்டுவந்த அயலவருக்கும், சிட்னியிலிருந்து இரவோடிரவாகக் கார் ஓட்டிவந்த மைத்துனருக்கும், கிரியைகளைச் செய்துதந்த ஐயாவுக்கும், தொலைவிலிருந்து அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. ஒருவருக்கு மட்டும் நன்றி இல்லை. எங்கள் குடும்பம் அவருக்கு ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டது, அதுவே அதிகம்.

அண்ணாவின் பிள்ளைகளே, உங்களுக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம் என்று தெரியும், அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் அப்பாவின் உடம்பில் குறையில்லை. உங்கள் அப்பப்பாவின் மனதிலும் குறையில்லை. இனி யாராவது அப்பப்பா தடுத்தார் என்று சொன்னால், பெரியவர்கள் என்று பார்த்துத் தலையாட்டாதீர்கள். இல்லை, எங்கள் அப்பாவை ஏமாற்றினார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.