இடது பக்கம் இழுத்த கார்

அந்தக் கார் இடது பக்கம் இழுத்தது. என் கை இழுக்கவில்லை, கார் இழுத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் முழுக்க வாய் வலிக்கச் சொல்லியும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெங்களூர்த் தண்டில், அதாவது பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் பகுதியில், காக்ஸ் டவுனில் எங்கள் வீடு. இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு நடந்தது இது. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், என் கணவர் சர்க்கார் ஆபீசில் உத்தியோகம். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு பட்டாளத்து அதிகாரியிடமிருந்து அந்தக் காரை அவர்தான் ஆசை ஆசையாக வாங்கினார். ஓட்டக் கற்றுக்கொள்ளப் பரேடு மைதானத்துக்குப் போனார். துணைக்குப் பின் சீட்டில் நான். அவர் கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்து, கடைசியில் மைதானத்து ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த எருமையை முட்டிவிட்டு இறங்கினார். எருமை பேசாமல் போய்விட்டது. அவர்தான் ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. அதற்குப் பிறகு ஸ்டீரிங்கைத் தொட்டதே கிடையாது. கற்றுக்கொடுக்க வந்தவர் பின் சீட்டில் சும்மா இருந்த எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

லைசென்சும் வாங்கினேன். தினமும் அவரை ஆபீசுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். வீட்டில் மாமியார் சொன்னது, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை சொன்னது, மாதா கோவிலில் பாதிரியார் சொன்னது என்று எல்லார் சொல்லும் கேட்டு நடந்தவள்தான் நான். யாரையும் கேட்காமல் நானாக ஒரு பக்கம் திரும்பினேன் என்றால் அது அந்தக் காரில்தான். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவருக்கும் தெரியும்.

கார் பழசு. முன் சக்கரங்கள் கொஞ்சம் கோணலாக ஓடின, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி இடது பக்கம் சாய்ந்து போனது. அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்று சொல்லி, தண்டில் பேர்போன ஒரு மோட்டார் பட்டறைக்குப் போனோம். அங்கே ஒரு சட்டம். பெண்கள் உள்ளே வரக்கூடாதாம். முன் அறையில் நாற்காலி போட்டு, கையில் ஒரு கலர் சோடாவைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னபடி காரை வாசலில் நிறுத்திவிட்டு வந்தேன். பையன்கள் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், என் கணவர் கூடவே போனார். திரும்பி வந்தபோது மகா திருப்தியாக இருந்தார். "இனிமே வெண்ணெய் மாதிரி போகும்," என்றார்.

போகவில்லை. முன்னைவிட அதிகமாக இழுத்தது. இரண்டாம் முறை போனோம். மறுபடியும் நாற்காலி, மறுபடியும் கலர், மறுபடியும் அவர் மட்டும் உள்ளே. வெளியே வந்த மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்து, "பொம்பளைங்க ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிப்பாங்கம்மா, அதான் இழுக்கிற மாதிரி தோணுது. லூஸா புடிங்க," என்று புத்தி சொன்னார். என் கணவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க லூஸாகப் பிடித்து ஓட்டிப் பார்த்தேன். அந்த லட்சணத்தில்தான் சந்தைப் பக்கத்துத் திருப்பத்தில் இடது முன் சக்கரம் சாக்கடையில் இறங்கியது. அவருடைய தொப்பி பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தது. காய்கறிக் கூடைக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு வந்துவிட்டது. "டிரைவர் ஒருத்தரைப் போட்டுடலாம். திங்கட்கிழமையிலேர்ந்து வரச் சொல்லிட்டேன். நீ பின்னாடி உக்காந்துக்க," என்றார். என்னைக் கேட்கவில்லை, சொன்னார். தொப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

சனிக்கிழமை அவருக்கு ஆபீஸ் உண்டு, எனக்கு லீவு. நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். இந்த முறை வாசலில் நிறுத்தவில்லை, நேராக உள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினேன்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "ஐயா எங்கம்மா?"

"ஆபீசுக்குப் போயிருக்கார்."

"அப்ப இன்னொரு நாளைக்கு வாங்க. அவரு இல்லாம எப்படிப் பாக்கிறது?"

"ரிப்பேர் வண்டிக்கா, ஐயாவுக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதில்லம்மா. சக்கரம் நேர் பண்றப்ப, ஓட்டுறவங்க சீட்ல உக்காரணும். அவங்க பாரத்துக்குத் தக்கனதான் நாங்க அளவு வைப்போம். பட்டாளத்துத் தொரைங்களுக்கெல்லாம் அப்படித்தான் செய்யறோம். ரெண்டு தபாவும் ஐயாதானே ஸ்டீரிங்ல உக்காந்தாரு? நல்லா பாரமான ஆளு. வலது பக்கம் அமுங்குதேன்னு ஸ்பிரிங்குல ஒரு இரும்புப் பட்டை அதிகமாச் சேத்துப் போட்டேன்."

என் கணவர் என்னைப்போல் இரண்டு பேர் பாரம். அவர் உட்காருவது எப்போதும் இடது பக்கம். வலது பக்கத்தில் ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பது காற்றடித்தால் பறந்துபோகிற நான். அந்த வலது பக்கத்தை இந்த மனிதர் பட்டை போட்டுத் தூக்கி வைத்திருக்கிறார். கார் இடது பக்கம் சாயாமல் வேறு எந்தப் பக்கம் சாயும்?

"யார் ஓட்டுறதுன்னு அவரைக் கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பேனா? 'நான்தான்'னாரு. 'எப்பவாச்சும் வீட்டுல எடுப்பாங்க, அவங்களுக்குக் கை பலம் பத்தாது'ன்னாரு."

நான் முன் அறையில் கலர் குடித்துக்கொண்டிருந்தபோது, என் கணவர் உள்ளே என் இடத்தில் உட்கார்ந்து, தனக்கு ஓட்டத் தெரியாத காரைத் தன் உடம்புக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். எருமையை முட்டிய மனிதர்! அதோடு விடாமல் என் கையைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். என் கை பலத்தைப் பற்றிப் பேச இவர் யார்? வீட்டில் உரலில் மாவாட்டுகிற கை எது?

"வண்டியை ஓட்டுறது நான். நான் மட்டும்தான். என் பாரத்துக்கு வைங்க," என்றேன்.

"ஐயா ஒரு வார்த்தை சொல்லாம..." என்று இழுத்தார்.

நான் இறங்கவில்லை. ஹாரன்மேல் கையை வைத்து எடுக்காமல் அமுக்கினேன். பட்டறையில் வேலை மொத்தமும் நின்றது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டு, "பண்றேன் தாயே, பண்றேன்!" என்று கத்தினார்.

இடது பக்கத்துக்கு என் கணவர் பருமனில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. பக்கத்து அரிசி மண்டிக்காரரைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அவர் துண்டை உதறிப் போட்டுச் சவுகரியமாகச் சாய்ந்துகொண்டு, "எங்கம்மா போறோம்?" என்று கேட்டார். எனக்கு இருந்த கோபத்தில் சிரிப்புக்கூட வரவில்லை. மேஸ்திரி கூடுதல் பட்டையைக் கழற்றினார். டயர்களில் சாக்கட்டியால் கோடு போட்டு, முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் மூங்கில் குச்சியால் அளந்து, திருகித் திருகி நேர் செய்தார். வீட்டுக்குத் திரும்பும்போது ஆளில்லாத ரோட்டில் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துப் பார்த்தேன். கார் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

சாயங்காலம், "கார் சரியாயிடுச்சு, டிரைவர் வேண்டாம்," என்றேன். "சொல்லியாச்சு, வரட்டும்," என்றார். எந்தப் பட்டறை, என்ன செய்தார்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. உண்மை அவர் வாயாலேயே வரட்டும் என்று சாப்பாட்டு மேஜையில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழம்பில் உப்புக் கம்மி என்றார்.

திங்கட்கிழமை டிரைவர் வந்தார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் ஸ்டீரிங்கில், என் கணவர் பக்கத்தில், நான் பின்னால். சந்தைத் திருப்பத்தைத் தாண்டினோம், கார் அப்படி இப்படி அசையவில்லை. என் கணவர் முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பாத்தியா? ஆம்பளை கை பட்டதும் எப்படி நேரா போகுது!"

நான் முன் சீட்டுப் பக்கம் குனிந்தேன்.

"வண்டியை நிறுத்துங்க," என்றேன் டிரைவரிடம். நிறுத்தினார். "கொஞ்சம் இறங்கிக்குங்க. இப்ப ஐயா ஓட்டுவார்."

டிரைவர் இறங்கி ஒதுங்கி நின்றார். என் கணவர் அசையவில்லை. "ஆபீசுக்கு நேரமாச்சு," என்றார்.

"அதனாலதான் சொல்றேன், ஓட்டுங்க. பட்டறையில நீங்கதான் ஓட்டுறதா சொன்னீங்களாமே. எனக்குக் கை பலம் பத்தாதாமே."

டிரைவர் எதிர்ப்புறத்து மரத்தை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார். என் கணவரின் கழுத்து சிவந்தது. "நீங்க போயிட்டு வாங்க, வேணும்னா சொல்லி அனுப்பறேன்," என்று டிரைவரிடம் முணுமுணுத்தார். நான் முன்னால் வந்து உட்கார்ந்து காரை எடுத்தேன்.

"இன்னும் யார் யார்கிட்ட அப்படிச் சொல்லி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அதற்குள் ரயில் கேட் வந்தது. கேட் மூடியிருந்தது, கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னார்: "ஆபீஸ்ல எல்லார்கிட்டயும்."

தினமும் ஆபீசுக்கு ஒரு தெரு முன்னாலேயே, மூலையில் இறங்கிக்கொள்வார். நடப்பது உடம்புக்கு நல்லது என்பார். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாளாக என்னை வைத்திருந்திருக்கிறார்!

அன்று மூலை வந்ததும் கதவுப் பிடியில் கை வைத்தார். நான் நிறுத்தவில்லை. "ஏய், இங்கதான், இங்கதான்," என்றார். ஆபீஸ் கேட்டுக்குள் திருப்பி, குமாஸ்தாக்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்த படிக்கட்டு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மடியில் இருந்த தொப்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டீரிங் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றி நடந்து வந்து, அவர் இறங்குவதற்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.