பதினாறாவது கார்டு

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு சிறிய தொலைபேசி நிலையத்தில் செவ்வந்தி முப்பது ஆண்டுகளாக டெக்னீஷியன். கவனமானவர். அந்தக் கவனத்தை நான் முழுதாகப் புகழாமல் இருப்பதற்கு ஒரு காலைப்பொழுது காரணம்.

புயல் அடித்த மறுநாள். செல்போன் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன. ஊருக்கு மிச்சம் அந்த நிலையம்தான். எட்டு மணிக்கு அதுவும் ஊமையானது. சற்று நேரத்தில் லைன்மேன் வைரக்கண்ணு சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அக்கா, நம்ம அகிலாண்டத்த விரியன் கடிச்சிருச்சு. விழுந்த தென்னமட்டையத் தூக்கியிருக்கு. ஆஸ்பத்திரில மருந்து தீந்துபோச்சாம். தஞ்சாவூருக்குச் சொன்னா வண்டில கொண்டுவருவாங்க. இங்கேருந்து போக வண்டியே இல்லக்கா."

"கை எப்படி இருக்கு?"

"சொம்பு மாதிரி வீங்கிருச்சு."

ரேக்கில் பதினாறு மின்சுற்றுக் கார்டுகள். ஒவ்வொன்றிலும் ஊரின் ஒரு பகுதி இணைப்புகள். எல்லாம் பஸ் எனப்படும் ஒரே பொதுப்பாதையில் பேசிக்கொள்பவை. ஒன்று கெட்டு அந்தப் பாதையை அமுக்கிப் பிடித்தால் மற்ற பதினைந்தும் வாய் திறக்காது. எது என்று தெரியாது. ஒவ்வொன்றாக உருவி, இரண்டரை நிமிடம் பொறுத்து, கோளாறைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். அணையாவிட்டால் திரும்பச் செருகிவிட்டு அடுத்தது.

எங்கிருந்தும் தொடங்கலாம். பதினாறாவதில் ஆஸ்பத்திரி இணைப்பு இருந்தது. அதற்கு மாற்றுக் கார்டு கிடையாது. அதுவாக இருந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் செவ்வந்தி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"கடைசிலேருந்து பாக்கலாமேக்கா," என்றார் வைரக்கண்ணு, ஏழாவதில்.

"வரிசையாத்தான் போறேன். சும்மா இருப்பா."

பதினைந்தும் நல்லவை. இனி வேறு வழியில்லை. பதினாறாவதை உருவினார். விளக்கு அணைந்தது. சோதனைப் போனுக்கு உயிர் வந்தது; வைரக்கண்ணு தஞ்சாவூர் எண்ணை அழுத்தினார்.

செவ்வந்தி கார்டைத் திருப்பினார். ரேக்கில் செருகும் விளிம்பில், செப்புப் பற்களின் இடையே ஈரச் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜையன்று மற்றவற்றுக்கு முகப்பில் மட்டும் பொட்டு வைத்தவர், உயிர் காக்கும் கார்டு என்று இதை வெளியே இழுத்து உள்விளிம்பிலும் வைத்திருந்தார். காய்ந்து கிடந்தது புயலின் ஈரத்தில் இளகி, பற்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பாதையை அமுக்கிவிட்டிருந்தது.

மருந்து வந்தது. அகிலாண்டம் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கார்டு கார்டாகப் பார்த்ததில் போன அந்த நாற்பது நிமிடம் முன்னால் மருந்து வந்திருந்தால் அவை தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்க செவ்வந்திக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

தை மாதம் அகிலாண்டம் மடி நிறைய அவரைக்காயோடு நிலையத்துக்கு வந்தார்.

"உன் போனுதாம்மா என்னையக் காப்பாத்துச்சு."

"கடைசிக் கார்ட நான் முதல்லயே உருவியிருக்கணும். பயந்துட்டேன்."

"என்ன கார்டு?"

செவ்வந்தி எல்லாவற்றையும் சொன்னார், பொட்டு உட்பட. அகிலாண்டம் ரேக்கை ஒருமுறை பார்த்தார். பிறகு, மிச்சமிருந்த விரல்களால் மடியை அவிழ்த்து, "காய எதுல போட?" என்றார்.