அண்ணன் காரின் இடது பின்சக்கரம்

எங்கள் பாகப்பிரிவினையில் கடைசியாகப் பிரிந்தவை நான்கு கார்ச் சக்கரங்கள். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். வேறு யார் வீட்டிலாவது நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அண்ணனும் நானும் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பனியன் கம்பெனி நடத்தினோம். நூல் வாங்கித் துணியாக்குவது அவர் பாடு, தைத்து அனுப்புவது என் பாடு. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்ததும் தொழிலில் சேர்த்துக்கொண்டதும் அவர்தான். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். அவருக்கு மெதுவாக வரும், வந்துவிட்டால் குடியிருக்கும். ஒருமுறை அவரைக் கேட்காமல் ஓர் ஆர்டரை ஒப்புக்கொண்டேன். அதை அவர் ஆட்களை வைத்துக்கொண்டே கேட்டார். தனியாகக் கூப்பிட்டு நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். டெய்லர்கள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். அவ்வளவுதான், பிரிவினைக்கு ஆள் கூப்பிட்டாகிவிட்டது.

மாமா முறையான ஒருவர் நடுவில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார். நாங்கள் அவரிடம் பேசினோம், ஒருவரோடொருவர் பேசவில்லை. ஓவர்லாக் மிஷின் ஒற்றைப்படையில் நின்றதால் மிச்சமிருந்த ஒன்றை விற்றுவிட்டார்கள். அந்த அளவுக்குச் சமமாகப் பிரித்தார்கள். கடைசியில் கார்கள் வந்தன. கம்பெனியில் ஒரே மாடலில் இரண்டு கார்கள். நான் ஓட்டியது எல்லா வசதியும் உள்ளது, அலாய் சக்கரம் போட்டது. அண்ணன் ஓட்டியது சாதாரணம், இரும்புச் சக்கரம். வாங்கும்போது அவரேதான், "தம்பிதான் சரக்கு வாங்க வர்ற பையர்களைக் கூட்டிட்டுச் சுத்தறான், நல்ல வண்டி அவனுக்கே இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்கு அவர் மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "வண்டிய அவனே வெச்சுக்கட்டுமுங்க. அந்தச் சக்கரத்த மட்டும் கழட்டி எனக்கு மாட்டச் சொல்லுங்க."

நானும் மாமாவைப் பார்த்தே சொன்னேன்: "தாராளமா எடுத்துக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை டயர் கடையில் இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எட்டுச் சக்கரங்களும் கழன்று இடம் மாறின. அண்ணன் ஒரு பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் மறுபக்கம் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு நான் என் காரைக் கிளப்பினேன். கொஞ்ச தூரத்திலேயே மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டயர்களின் காற்றளவைக் காட்டும் இடத்தில் எண்கள் போய் நான்கு கோடுகள் நின்றன.

திரும்பிப் போய்க் கடைக்காரரிடம் கேட்டேன். "உங்க வண்டிக்கு மட்டுந்தாங்க அந்த வசதி இருக்குது" என்றார். "கழட்டுன ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளயும், காத்துப் புடிக்கற எடத்துல, ஒரு சென்சார் இருக்குதுங்க. ஒவ்வொன்னுக்கும் ஒரு நம்பர். உங்க வண்டிக்கு அந்த நாலு நம்பருந்தான் தெரியும். சக்கரம் அங்க போயிருச்சு, இது இங்கிருந்து தேடிக்கிட்டு இருக்குது."

"அவங்க வண்டில காட்டுமா?"

"சென்சார் அனுப்பற சிக்னல வாங்கிக் காட்டற மிஷினே அந்த வண்டில இல்லீங்களே. சென்சார் சும்மா கெடக்கும். உங்களுதுக்குப் புதுசா நாலு போட்டு, வண்டிக்கு அந்த நம்பரச் சொல்லிக் குடுத்தாச் சரியாயிருமுங்க."

வேண்டாம் என்றேன். எரிந்தால் எரியட்டும். பிடிவாதம் மட்டும் எங்கள் வீட்டில் யாரும் பங்கு போடாமலே இருவருக்கும் முழுசாக வந்த சொத்து.

நான் அருள்புரத்தில் இடம் பிடித்துத் தனியாகக் கம்பெனி ஆரம்பித்தேன். விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. "கோயில்ல கூட இப்படி அணையா வெளக்கு இல்லீங்க" என்று என் மனைவி குத்திக்காட்டுவாள். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் மாற்றிவிடலாம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்றேன். அந்த நான்கு கோடுகளைப் பார்க்கும்போது வருகிற எரிச்சல் எனக்குத் தேவையாக இருந்தது. எங்கே அது போய்விட்டால் கோபமும் போய்விடுமோ என்று பயந்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

எங்கள் பக்கம் பேச்சு நின்றுபோன பங்காளிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. விசேஷங்களுக்கு இரண்டு பேரும் போவோம். அவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் நான் இரண்டாம் பந்தி. பந்தி விசாரிப்பவர்களுக்கே இது தெரியும், ஒரே பந்தியில் உட்கார நேர்ந்தால் யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு மூலையில் இலை போடுவார்கள். இதில் என்னை நிஜமாக அறுத்தது அண்ணன் மகள் விஷயம். நான் தோளில் தூக்கி, பாப்பா என்று கூப்பிட்டு வளர்த்த பிள்ளை. எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை அவளை வைத்துத்தான் மறந்திருந்தோம். அவள் மாசமாக இருப்பதை மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் அவிநாசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அண்ணன், அண்ணி, மகள் மூவரும் வந்திருந்தார்கள். அவளுக்கு ஏழு மாதம் இருக்கும். பந்திக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவள், அப்பா திரும்புவதைக் கண்டதும் குனிந்து சேலையைச் சரிசெய்தாள். கல்யாணம் முடிந்ததும் அவளைப் பெருந்துறையில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள் என்று பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு நானும் மனைவியும் கிளம்பினோம். மண்டபத்து வாசல் குறுகல், கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. எனக்கு முன்னால் நின்றது அண்ணன் கார். வேறு கார் ஒன்று நடுவில் புகுந்தால் நல்லது என்று நினைத்தேன், யாரும் புகவில்லை. கொஞ்சம் நகர்ந்தோம், நின்றோம், மறுபடி நகர்ந்தோம். அப்போது மீட்டரில் கோடுகள் மறைந்து எண்கள் வந்தன. மூன்று இடத்தில் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று என்று இருந்தது. இடது பின்சக்கரத்தில் மட்டும் இருபத்தொன்று.

நம் டயரில்தான் ஏதோ ஏறிவிட்டது என்று இறங்கிப் போய்ப் பார்த்தேன். காலால் உதைத்தேன், கல் மாதிரி இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நம்ம சக்கரத்துலதான் அந்தச் சாமானமே இல்லீங்களே" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முன்னால் நின்ற காரைப் பார்த்தோம். இத்தனை நாள் அந்தச் சக்கரங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் என் கார் ஓடியதே இல்லை.

"போயிச் சொல்லுங்க" என்றாள்.

நாலு எட்டு வைத்தால் அண்ணன் ஜன்னல். நான் அசையவில்லை. என்ன சொல்வது? என் காரில் உங்கள் சக்கரம் தெரிகிறது என்றால், சக்கரத்தைச் சொல்லிக் காட்டுகிறேன் என்றுதான் நினைப்பார். வீட்டுக்குப் போவதற்குள் அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண் பத்தொன்பதாகக் குறைந்தது. முன் காரின் பின் கண்ணாடியில் அண்ணன் மகளின் தலை தெரிந்தது. அவள் பின்சீட்டில், இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

போனில் கூப்பிட்டேன். நாலு தடவை அடித்தது, கட் செய்துவிட்டார். ஹாரன் அடித்தேன். ஜன்னல் வழியாகக் கை வெளியே வந்து, பொறு என்பதுபோல் ஆடியது. என் அவசரப் புத்தியைப் பற்றி உள்ளே ஏதோ சொல்லியிருப்பார். அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். எங்கள் வீட்டுக்குப் போகத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை.

அவர் சர்வீஸ் ரோட்டில் வேகம் எடுத்தார். கொஞ்ச தூரத்தில் நெடுஞ்சாலையில் ஏறிவிடுவார். ஏறினால் எல்லா வண்டியும் நூறில் போகும். விலகிப் போகப் போக எண்கள் மறுபடி கோடுகளாகிவிட்டன, டயரில் எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. மனைவி பக்கத்தில் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லாரி ஒன்று ஒதுங்கிய இடத்தில் முந்திக்கொண்டு போய், நெடுஞ்சாலைக்கு ஏறும் வாய்க்கு முன்னால் காரைக் குறுக்காக நிறுத்தினேன்.

அண்ணன் பிரேக் போட்டு இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"என்னடா, நடுரோட்டுல மறிக்கற அளவுக்கு வந்துட்டியா? பத்தாததுக்கு இன்னும் என்னடா வேணும்?"

பங்காளிச் சண்டை என்று நினைத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

"அண்ணா, எடது பக்கம் பின் சக்கரத்துல காத்து எறங்குதுங்ண்ணா. பாப்பா உள்ள இருக்குதுங்ண்ணா."

நான் அவரிடம் பேச்சை நிறுத்திய பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் நம்பவில்லை. ஆனால் போய்ப் பார்த்தார். குனிந்து கையால் அழுத்தினார், டயர் உள்ளே போனது. தரையோடு ஒட்டும் இடத்தில் பிதுங்க ஆரம்பித்திருந்தது. டயரின் உள்பக்கத்தில் ஒரு ஸ்குரூ ஏறியிருந்தது. இந்தச் சக்கரத்தோடு அந்த வேகத்தில் போயிருந்தால் என்று டீக்கடைக்காரர்களில் ஒருவர் ஆரம்பித்தார். அண்ணன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அண்ணி மகளை மெதுவாக இறக்கி என் மனைவியிடம் கூட்டிவந்தாள். என் மனைவி அவள் வயிற்றில் கை வைத்தாள். அவள் "சித்தி" என்று மட்டும் சொன்னாள்.

நானும் அண்ணனும் ஸ்டெப்னியை மாற்றினோம். அவர் நட்டைக் கழற்ற, நான் ஜாக்கியை ஏற்றினேன். சின்ன வயதிலிருந்து சேர்ந்தே வேலை செய்த கைகள், எதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "உனக்கெப்புடித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

கூட்டிப்போய் என் சீட்டில் உட்கார வைத்து மீட்டரைக் காட்டினேன். சக்கரங்கள் ஓடாமல் நின்றதால் அதில் கோடுகள்தான் இருந்தன. டயர் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். பக்கத்தில் ஓடும்போது உங்கள் சக்கரம் இங்கே தெரிகிறது என்றேன். மஞ்சள் விளக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இத்தன நாளும் இது எரிஞ்சுட்டே இருந்துச்சா?"

"ஆமாங்ண்ணா."

"மாத்திருக்கலாமில்ல?"

அவர் ஸ்டீயரிங்கில் கை வைத்துக்கொண்டார்.

"என்ற சக்கரத்துல காத்துக் கொறஞ்சா உனக்குத் தெரிஞ்சுருது" என்றார். "உன்றதுல கொறஞ்சா யாருக்குடா தெரியும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தலை நரைத்தவன், சாலை ஓரத்தில், டீக்கடைக்காரர்கள் பார்க்க நின்று அழுதேன். டெய்லர்கள் பார்த்தபோது பொறுக்காத எனக்கு அன்றைக்கு யார் பார்த்தாலும் ஒன்றுமில்லை. அவர் என்னைத் தேற்றவில்லை. அது அவருக்கு வராது. இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் மிதித்துப் பார்த்தார். முன்னால் வலது பக்கம் வந்ததும் இரண்டு தடவை மிதித்தார்.

"இதுல காத்துக் கம்மியாட்டத் தெரியுது. போற வழில புடிச்சுட்டுப் போ" என்றார். மகளை ஏற்றிக்கொண்டு, முன்பைவிட மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். காற்றுப் பிடிப்பவர் வலது முன்சக்கரத்தில் குழாயை வைத்து அளந்து பார்த்தார். கரெக்டாத்தான் இருக்குதுங்க, பிடிக்க வேண்டியதே இல்லை என்றார்.

"பரவாயில்லீங்க, கொஞ்சம் புடிங்க" என்றேன். "எங்கண்ணன் சொல்லிருக்காரு."