திரும்பி வந்தவருக்குக் கல்லில் இடமில்லை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரின் பஸ் நிறுத்தத்தில், முதல் உலகப் போருக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று மட்டுமே வெள்ளைக்கார அரசு அதில் வெட்டி வைத்திருந்தது, பெயர் கிடையாது. எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி அந்த எழுத்தும் மறைந்து, கல் காவல் தெய்வமாகிவிட்டது. போன ஆண்டு அதற்குப் புதிதாகப் பீடம் கட்டி, பக்கத்தில் பெயர்ப்பலகை வைப்பதென்று முடிவானது. பெயர்களைத் தேடிச் சரிபார்த்துக் கொடுத்தவன் நான்.

என் தாத்தாவும் எதிர்வீட்டுக்காரனின் சின்னத் தாத்தாவும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்து, ஒரே கப்பலில் இராக்கின் பஸ்ராவுக்குப் போனவர்கள். சின்னத் தாத்தா அங்கேயே இறந்தார். என் தாத்தா ஒரு காது கேளாமல் திரும்பி வந்து, வெகுகாலம் கடலை விதைத்தார்.

போனவர்கள் எல்லோர் பெயரும் வேண்டும் என்று கமிட்டிக் கூட்டத்தில் கேட்டேன். தலைவராக இருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒப்பவில்லை.

"செத்தவிய பேரு மட்டுந்தான் தம்பி. உசுரோட வந்தவியளுக்கு எதுக்கு?"

"ஏலே, ஒந் தாத்தா அங்கனயே செத்திருந்தா, இப்ப இங்கன வந்து ஆருலே பேசுவா?" என்றான் எதிர்வீட்டுக்காரன். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

திறப்பு விழாவைக் கோயில் கொடைத் திருவிழா போலவே நடத்தினார்கள். பலகையில் பெயர் உள்ள குடும்பங்களுக்குப் பரிவட்டம், மாலை, முதல் மரியாதை. லேத் பட்டறை கிரீஸ் போகாத விரல்களால் தலையில் கட்டிய பட்டுத்துணியைத் தடவிக்கொண்டு எதிர்வீட்டுக்காரன் நின்றான். நான் நாற்காலி வரிசையில் இருந்தேன்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தான்.

"நாள் கணக்கெல்லாம் ஒனக்குத்தான் தெரியும். எங்க சின்னத் தாத்தா என்னைக்குச் செத்தாகன்னு சொல்லு. கல்யாணம் ஆகாத மனுசன். இம்புட்டு வருசமா யாரும் திதி கொடுக்கல."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தேதி விஷயத்தில் எனக்குப் பொய் வராது. பட்டாளப் பதிவேட்டில் பார்த்திருந்த தேதியைப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு, மாசி தேய்பிறையில் எந்தத் திதி என்று சொன்னேன்.

"சண்டையிலதான செத்தாக?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல, "இல்ல. முகாம்ல, காய்ச்சல்ல" என்றேன். அவன் முகம் சுருங்கும் என்று பார்த்திருந்தேன்.

"அப்ப தண்ணி கேட்டிருப்பாருலே" என்றான். குரல் உடைந்துவிட்டது.

மாசியில் மடவார் வளாகம் சிவன் கோயிலில் திதி கொடுத்தபோது என்னையும் அழைத்துப் போனான். ஐயர் போதும் என்று சொன்ன பிறகும் எள்ளின்மேல் ஒரு செம்புத் தண்ணீரை அவனாக ஊற்றினான். பரிவட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் சொன்ன காய்ச்சலுக்கு அவன் ஊற்றிய அந்தத் தண்ணீரைப் பார்த்து நிற்க என்னால் முடியவில்லை.