குளம்பிலை பறிக்கும் லுட்விகா

காட்டிலிருந்து திரும்பும்போது கூடையின் மேல் ஒரு பிடி காஞ்சொறித் தழையைப் பரப்பிக்கொண்டுதான் லுட்விகா எங்கள் வேலியைக் கடப்பாள். கேட்டால், கோழிகளுக்கு என்பாள். தழைக்கு அடியில் இருப்பது குளம்பிலை என்று ஊருக்கே தெரியும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் பார்க்கிறேன். தழை இல்லாமல் அவள் வந்ததே இல்லை.

காட்டின் பீச் மரங்கள் துளிர்ப்பதற்கு முன்பே குளம்பிலை பூத்துவிடும். இலை குதிரைக் குளம்பு மாதிரி பளபளப்பாக இருக்கும். பூவைப் பார்க்க மண்டியிட்டு இலையை விலக்க வேண்டும். பழுப்பாக, மண்ணோடு மண்ணாகக் கவிழ்ந்து கிடக்கும். லுட்விகாவுக்கு வேண்டியது வேர். மிளகு வாசனை அடிக்கும் அந்த வேரைக் காயவைத்து இடித்து வோட்காவில் போட்டால், குடித்தவன் குடல் புரள வாந்தி எடுப்பான். சில தடவை அப்படி ஆனால் குடியையே வெறுத்துவிடுவான் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. அது விஷம் என்று ஊர் நர்ஸ் கத்துவதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மனைவிமார் அவள் வீட்டுப் பின்கதவைத்தான் தட்டுவார்கள். புருஷனுக்கு என்று ஒருத்தியும் சொல்லமாட்டாள்.

"பசுவுக்கு வயிறு சரியில்லக்கா," என்பாள் ஸ்டெஃபா, தரையைப் பார்த்தபடி.

"உன் பசு ராத்திரி பாடுன பாட்டு எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சுடி. நகத்து நுனி அளவு போடு, போதும். செத்துகித்துத் தொலைஞ்சா என்னைத்தான் புடிச்சுக்கிட்டுப் போவாங்க."

கடை வாசல் பெஞ்சில் இருக்கும் ஆண்கள் அவளைக் கண்டதும் கிளாஸை உள்ளங்கையால் மூடுவார்கள். "மூடுங்கடா, லுட்விகா வருது!"

"உங்களுக்குப் போட என் வேரு என்ன கொட்டியா கிடக்கு?" என்று சிரித்துக்கொண்டே போவாள்.

போன இலையுதிர் காலத்தில் அவள் மகன் டாரெக், ஜெர்மனியில் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பி வந்தான். காலையிலேயே குடிக்கத் தொடங்கினான். அதன்பின் அவள் பெஞ்சைத் தவிர்த்து வயல் வழியாகக் கடைக்குப் போனாள்.

ஈஸ்டர் விருந்துக்கு என்னையும் என் கணவரையும் அழைத்திருந்தாள். கிளாஸை வாய்வரை கொண்டுபோன டாரெக் நிறுத்தி, முகர்ந்து பார்த்தான். அந்த வேர் அடுப்புக்கு மேலே காயும் வீட்டில் வளர்ந்தவன்.

"நாலு பேர் முன்னாடி என்னைக் கக்க வெக்கணுமாம்மா?" குரலை உயர்த்தவில்லை. கிளாஸை அவள் பக்கம் தள்ளினான். "மருந்துதானே? நீ குடி."

"டேய், பெத்தவடா," என்றார் என் கணவர்.

"விடுங்க," என்றாள் லுட்விகா. முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. ஒரே மூச்சில் குடித்தாள். "முட்டை எடுத்துக்கோங்க, ஆறிடும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். கொட்டகைக்குப் பின்னாலிருந்து அவள் வாந்தி எடுக்கும் சத்தம் வந்தது. நாங்கள் எங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாரெக் இன்னும் குடிக்கிறான். அவன் கேட்கும்போதெல்லாம் இப்போது அவளே ஊற்றுகிறாள். அவன் பார்க்க முதல் மிடறைத் தான் விழுங்கி, கிளாஸின் விளிம்பை இடுப்பு ஏப்ரனால் துடைத்து, அவனிடம் நீட்டுகிறாள்.